காலையில் 'குட் மார்னிங்', மதியம் துடைப்பம்... ஜப்பான் கிராமத்தில் ஓர் இங்கிலீஷ் டீச்சரின் நாள்!

சடையங்குப்பத்துக்காரர்களுக்கு ஜப்பான் ஒன்றும் கேள்விப்படாத நாடு இல்லை. பக்கத்துக் காமராஜர் துறைமுகத்திலிருந்து நிசான் கார்கள் கப்பலேறுவதை 2010-லிருந்து வடசென்னை பார்த்துவருகிறது. எண்ணூர் வட்டாரத்தில் தோஷிபாவும் ஜே.எஸ்.டபிள்யூ-வும் சேர்ந்து தொடங்கிய டர்பைன் தொழிற்சாலை இருக்கிறது. ஐ.டி.ஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் சென்னையில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்வதும், ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் மொழித்தேர்வுக்கு 'என்-5', 'என்-4' என்று தயாராவதும் இப்போது சாதாரணம்.

ஆனால், சமீபகாலமாக போனைத் திறந்தால் வேறொரு ஜப்பான் வருகிறது. வயல் நடுவே ஒரு மரவீடு, பின்னால் பனி மூடிய மலை, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் ஒரு வெளிநாட்டு இளைஞர். 'ஜப்பான் கிராமத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, லட்சங்களில் சம்பளம்' என்று மேலே ஓர் எழுத்து. முப்பது விநாடியில் ரீல்ஸ் முடிந்துவிடுகிறது. அந்த இளைஞர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் காட்டுவதில்லை. நிஜமான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

100 யென் சம்பளத்தில் வந்த ஒற்றைக்கண் வாத்தியார்

இந்த வேலைக்கு ஒரு மூத்த அண்ணன் இருக்கிறார். பெயர் லஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவொன்றில் 1850-ல் பிறந்தவர். அப்பா அயர்லாந்துக்காரர், அம்மா கிரேக்கர். இடது கண்ணில் பார்வை கிடையாது. அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்துவிட்டு ஜப்பானைப் பற்றி எழுத வந்தவர், கையில் காசில்லாமல் ஒரு வாத்தியார் வேலையை ஒப்புக்கொண்டார். 1890 ஆகஸ்ட் கடைசியில் அவர் போய் இறங்கிய ஊர் மாட்சுவே. ஜப்பான் கடலோரப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கும் சின்னக் கோட்டை நகரம். மாதச் சம்பளம் 100 யென்.

ஜப்பானிய மொழி அவருக்குத் தெரியாது. ஊரில் அவரைப்போல் வெளிநாட்டவர்கள் அரிது. அங்கே வேலை பார்த்த நாட்களைப் பிறகு 'ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பிலிருந்து' என்ற தலைப்பில் எழுதினார். அங்கேயே செட்சு என்ற பெண்ணைக் கைப்பிடித்து, பின்னாளில் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். ஜப்பானின் பேய்க்கதைகளை உலகத்துக்குச் சொன்னவர் என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். செட்சுவின் கதையை அடிப்படையாகக் கொண்டு 2025-ல் என்.எச்.கே தொலைக்காட்சி காலை நேரத் தொடர் ஒன்றையே எடுத்தது.

அவ்வளவு பிடித்த ஊரில் அவர் எவ்வளவு காலம் இருந்தார்? சுமார் 15 மாதம்தான். காரணம், குளிர். மாட்சுவேயின் பனிக்காலம் உடம்புக்கு ஒத்துவராமல், தெற்கே குமாமோட்டோவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். 130 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கு ஜப்பான் கிராமங்களுக்குப் போகும் வெளிநாட்டு ஆசிரியர்களிடம் கேட்டாலும் முதல் புகார் அதேதான். மொழி, சாப்பாடு, தனிமை எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

பெயரிலேயே 'துணை'

இன்றைய வேலையின் பெயர் ஏ.எல்.டி. அதாவது, துணை மொழி ஆசிரியர். 'துணை' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே படிக்க வேண்டும். வகுப்புக்குப் பொறுப்பு, ஜப்பானிய ஆசிரியர் உரிமம் வைத்திருக்கும் உள்ளூர் ஆசிரியர்தான். வெளிநாட்டவர் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்.

இதற்கான அரசுத் திட்டம்தான் 'ஜெட்'. 1987-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேருடன் தொடங்கியது. இதுவரை 75 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இதன் வழியாகப் போயிருக்கிறார்கள். இப்போதும் பாதிப்பேர் அமெரிக்கர்கள். ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் என்று பட்டியல் நீள்கிறது. இந்தியாவும் அதில் உண்டு. ஆனால், நம்மவர்களின் எண்ணிக்கை மிகச் சொற்பம்.

எந்த ஊரில் வேலை என்பதை விண்ணப்பிப்பவர் முடிவுசெய்ய முடியாது. விருப்பம் சொல்லலாம், அவ்வளவே. டோக்கியோ என்று எழுதிக் கொடுத்தவருக்குத் தீவு ஒன்றில் மீன்பிடி கிராமம் விழும். அதனால்தான் போய்வந்தவர்களிடையே ஒரு வாசகமே புழங்குகிறது... 'ஒவ்வொருத்தர் நிலைமையும் வேற'. ஒருவருக்கு ஒரே ஒரு பள்ளி, இன்னொருவருக்கு ஏழு பள்ளி. ஒருவர் வகுப்பை முழுதாக நடத்துவார், இன்னொருவர் பாடப்புத்தகத்தை உரக்கப் படித்துக்காட்டிவிட்டு உட்காருவார். இப்படி உட்காருகிறவர்கள் தங்களைத் தாங்களே 'மனித டேப் ரெக்கார்டர்' என்று கிண்டலடித்துக்கொள்வது உண்டு.

ஒலிபெருக்கி எழுப்பும் ஊர்

ஜப்பான் கிராமங்களில் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். காலையிலும் நண்பகலிலும் மாலை ஐந்து மணி வாக்கிலும் ஒரு மெட்டு ஒலிக்கும். புதிதாக வந்தவருக்குக் கோயில் ரேடியோ மாதிரி இருக்கும். மாலை மெட்டு, வெளியே விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்கான அடையாளம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நிலநடுக்கம், சுனாமி, வெள்ளம் என்றால் எச்சரிக்கை வருவது இதில்தான். கருவி வேலை செய்கிறதா என்று தினமும் பாட்டுப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள்! பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் பாயும்போதெல்லாம் தவித்துப்போகும் சடையங்குப்பத்துக்கு இந்த ஏற்பாட்டின் அருமை சொல்லாமலே புரியும்.

பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே மட்டும் போடும் காலணிக்கு மாற வேண்டும். எட்டே கால் வாக்கில் ஆசிரியர் அறையில் கூட்டம். எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல, வேகமான ஜப்பானிய மொழியில் அறிவிப்புகள் ஓடும். புதியவருக்குத் தன் பெயர் மட்டும் நடுவில் ஒருமுறை காதில் விழும். எதற்காகச் சொன்னார்கள் என்பது தெரியாது. பக்கத்து இருக்கை ஆசிரியர் ஒரு தாளில் படம் போட்டு விளக்குவார். வகுப்பு ரத்து, இன்று தீ விபத்து ஒத்திகை.

வகுப்பறை வேறு உலகம். ஜப்பானில் 2011-ல் தான் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் கட்டாயப் பயிற்சியாக நுழைந்தது. 2020-லிருந்து அது மதிப்பெண் உள்ள பாடம், மூன்றாம் வகுப்பிலிருந்தே விளையாட்டும் பாட்டுமாக அறிமுகம். நம் பிள்ளைகள் எல்.கே.ஜி-யிலேயே 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்வதோடு ஒப்பிட்டால் இது ரொம்பத் தாமதம். ஆனால், அங்கே தாய்மொழியிலேயே படித்து டாக்டராகலாம், இன்ஜினீயராகலாம். இங்கே அது எளிதில்லை. அங்கே ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் என்பது வாழ்க்கைப் பிரச்னை இல்லை. தங்கள் ஊரைத் தேடிவந்திருக்கும் ஒரு விநோதமான மனிதர்தான் ஆங்கிலம்!

அதனால் கேள்விகளும் அப்படியே வரும். வயசென்ன? கல்யாணம் ஆயிடுச்சா? எந்த அனிமே பிடிக்கும்? இந்தியர் என்றால் கட்டாயக் கேள்வி, மூணு வேளையும் கறி சாப்பிடுவீங்களா? 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் வகுப்பே ஒரே ராகத்தில் 'ஐம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ' என்று இழுக்கும். நம் அரசுப் பள்ளிகளில் 'குட் மார்னிங் டீ...ச்ச...ர்' இழுக்கும் அதே ராகம். இதை மட்டும் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை போலிருக்கிறது.

சாப்பாடும் துடைப்பமும்

போய்வந்தவர்கள் அதிகம் பேசுவது வகுப்பைப் பற்றி இல்லை, மதிய நேரத்தைப் பற்றி.

மணி அடித்ததும் சில பிள்ளைகள் வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு பாத்திரங்களை இழுத்து வருவார்கள். பரிமாறுவது அவர்கள்தான். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு... சோறு, சூப், மீனோ இறைச்சியோ ஒன்று, காய், ஒரு பாக்கெட் பால். ஆசிரியருக்கும் அதேதான். எல்லாத் தட்டும் வந்து, எல்லாரும் கைகூப்பி 'இதாதகிமாசு' சொன்ன பிறகுதான் முதல் வாய். மிஞ்சிய ஒரு துண்டு வறுத்த கோழிக்கு 'ஜான்கென்' எனும் கல்-காகிதம்-கத்தரி போட்டி நடக்கும். வெளிநாட்டு ஆசிரியர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மேசையில் உட்காருவார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, தட்டைப் பார்த்துக்கொண்டே 'ஐ லைக் கேரட்' என்று முணுமுணுப்பது அங்கேதான்.

ஜப்பானில் பள்ளி உணவுக்குத் தனிச் சட்டம் வந்தது 1954-ல். கிட்டத்தட்ட அதே காலகட்டத்தில்தான் இங்கே காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். போரில் நொந்த ஒரு நாடும் வறுமையில் நொந்த ஒரு மாநிலமும் ஒரே நேரத்தில் தட்டைக் கையில் எடுத்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கையும் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஜப்பான் கிராமம் கொஞ்சம் கஷ்டம். காய் சூப் என்று கொடுப்பதிலும் அடியில் மீன் சாறு இருக்கும். டப்பா கட்டிக்கொண்டு போவதே வழி.

சாப்பாடு முடிந்ததும் துடைப்பம். பெருக்க ஆள் வராது. தலையில் துணி கட்டிக்கொண்டு பிள்ளைகள் நடைவழியைக் குனிந்து, ஈரத்துணியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே ஓடுவார்கள். ஆசிரியர்களும் சேர்ந்து துடைப்பார்கள், வெளிநாட்டவரும்தான். ரீல்ஸில் இதைப் பார்க்கும் பலர் 'நம்ம ஸ்கூல்ல ஏன் இப்படி இல்லை' என்று பதிவுபோடுகிறார்கள். பதில் கஷ்டமானது இல்லை. இங்கே 'நீ போய்க் கழிவறையைக் கழுவு' என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது, எந்தப் பிள்ளையிடம் சொல்கிறார்கள் என்பதில் சாதி ஒளிந்திருந்த கதைகள் எத்தனை செய்தியாகியிருக்கின்றன! அங்கே வகுப்பில் யாருக்கும் விலக்கு இல்லை. அந்த ஒன்றைத் தூக்கிவிட்டுத் துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

ஊர் முழுக்கக் கண்

நாலே கால் வாக்கில் வேலை நேரம் முடியும். ஆனால், வேலை முடியாது.

கிராமத்தில் ஒரே ஒரு வெளிநாட்டவர் என்றால் அவர் எங்கே போனாலும் செய்திதான். நேற்று சூப்பர் மார்க்கெட்டில் என்ன வாங்கினார் என்பது இன்று வகுப்பில் தெரிந்திருக்கும். இரவு ஏழு, எட்டு மணிக்கு மேல் சாப்பாட்டுப் பெட்டிகளில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதற்காகக் காத்திருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் 'ஹலோ டீச்சர்' என்று கூப்பிடும். எட்டாம் வகுப்பு மாணவி, அம்மாவோடு. மறுநாள் வீட்டு வாசலில் ஒரு பெரிய முள்ளங்கியோ, செய்தித்தாளில் சுற்றிய கீரைக்கட்டோ இருக்கும். யார் வைத்தார்கள் என்று தெரியாது.

அதே அக்கம்பக்கம்தான் குப்பையையும் கவனிக்கும். எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், பாட்டிலுக்கு ஒரு நாள். சில ஊர்களில் பையின் மேல் பெயரும் எழுத வேண்டும். தவறாகப் போட்டால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி வைத்துவிடுவார்கள். ஊர் அறிவிப்புகள் தாங்கிய ஓர் அட்டை வீடு வீடாகச் சுற்றிவரும். படித்து, முத்திரை குத்தி, பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும்!

இதெல்லாம் வடசென்னைக் குப்பத்து வாழ்க்கை அறிந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. 'யாரு வீட்டுப் புள்ள?' என்று கேட்காமல் விடாத ஊர்கள் இவை. வித்தியாசம் ஒன்றுதான். இங்கே வெளியூர்க்காரர் வந்து குடியேறுவது புதிதில்லை. சடையங்குப்பத்திலேயே பர்மா நகர் இருக்கிறது. ஜப்பானின் மலைக்கிராமத்தில் அந்த ஒருவர்தான் மொத்த வெளியூரும்.

பிறகு, குளிர். கிராமத்து வீடுகளில் சுவர் மெல்லிசு, வீடு முழுக்கச் சூடேற்றும் வசதி பெரும்பாலும் கிடையாது. ஒரு அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர், 'கோதாத்சு' எனும் சூடான மேசைக்குள் கால். குளியலறைக்குப் போவதே துணிச்சல். ரயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பனி விழுந்துவிட்டால் அதுவும் சந்தேகம். வெளியே ஒரு சத்தமும் இருக்காது. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பலாமா என்ற யோசனை வருவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஹெர்னுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

காலியாகும் வகுப்பறைகள்

இவ்வளவு செலவழித்து ஒரு குக்கிராமத்துக்கு ஏன் வெளிநாட்டு ஆசிரியரை வரவழைக்கிறார்கள்? ஆங்கிலம் ஒரு காரணம். ஆனால், ஏழு பள்ளிக்கு ஒரு ஆசிரியர், ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒருமுறை என்ற கணக்கில் ஆங்கிலம் பெரிதாக வந்துவிடாது என்பது அனுப்புகிறவர்களுக்கும் தெரியும்.

கிராமங்களில் பிள்ளைகளே குறைந்துகொண்டிருக்கிறார்கள். 2024-ல் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு அதுவே முதல்முறை. 2002-லிருந்து 2020 வரை 8,500-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்டிருக்கின்றன. தோகுஷிமா மாகாணத்தின் நகோரோ கிராமத்துப் பள்ளி 2012-ல் மூடப்பட்டது. இப்போது அந்த வகுப்பறையில் பிள்ளைகளின் இடத்தில் துணிப் பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஊரைச் சேர்ந்த அயானோ சுகிமி செய்து வைத்தவை. பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வகுப்பில் ஆறு பிள்ளைகள் இருப்பார்கள். முதல் வகுப்பிலிருந்து அதே ஆறு பேர். விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் போதாமல் தாத்தா, பாட்டி, தபால்காரர் எல்லாரும் ஓடுவார்கள். அங்கே வெளியிலிருந்து வந்த ஒரு இளம் முகம் இலக்கணம் சொல்லிக்கொடுத்ததா என்பதைவிட, அந்த ஓட்டத்தில் சேர்ந்து ஓடியதா என்பதுதான் கணக்கு.

டெய்லரின் புத்தக அலமாரி

இஷினோமாகி என்ற ஊரை வடசென்னைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. மீன்பிடித் துறைமுகம், மீன் பதப்படுத்தும் கூடங்கள், ஒரு பெரிய பேப்பர் மில். கடலும் தொழிற்சாலையும் ஒட்டிக்கிடக்கும் ஊர். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த டெய்லர் ஆண்டர்சன் 2008-ல், கல்லூரி முடித்த கையோடு, ஜெட் திட்டத்தில் அங்கே போனார். பல பள்ளிகளுக்கு மாறி மாறிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

2011 மார்ச் 11. பிற்பகல் 2:46 மணிக்கு, அளவு 9 என்று பதிவான நிலநடுக்கம். அன்று டெய்லர் இருந்தது மங்கோகுரா தொடக்கப்பள்ளியில். பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து, பெற்றோர் வந்து அழைத்துப்போகும்வரை கூடவே இருந்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் சுனாமி. அவருக்கு அப்போது 24 வயது.

அதே நாளில் ரிகுசென்தகாதாவில் அலாஸ்காவைச் சேர்ந்த இன்னொரு ஜெட் ஆசிரியர், 26 வயது மான்ட்கோமரி டிக்சனும் உயிரிழந்தார். அந்தப் பேரிடரில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல்போனார்கள். இஷினோமாகியில் மட்டும் 3,000-க்கும் அதிகமான மரணங்கள். 2004 டிசம்பர் 26-ஐ மறக்காத எண்ணூர், திருவொற்றியூர்க் கடற்கரைக்கு இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை.

டெய்லரின் பெற்றோர் மகள் பெயரில் ஒரு நினைவு நிதியைத் தொடங்கினார்கள். அவர் சொல்லிக்கொடுத்த பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் வாங்கிக்கொடுப்பது முதல் வேலை. புத்தகம் வைக்க அலமாரி வேண்டுமே? அதைச் செய்துகொடுக்க முன்வந்தவர் எண்டோ ஷின்இச்சி என்ற உள்ளூர்த் தச்சர். அவருடைய மூன்று குழந்தைகளும் சுனாமியில் போய்விட்டார்கள். டெய்லரிடம் படித்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சுனாமிக்குப் பிறகு கருவியைத் தொடவே மனமில்லாமல் இருந்தவர், இந்த அலமாரிக்காக மறுபடி மரத்தை இழைத்தார். முதல் அலமாரி 2011 செப்டம்பரிலேயே மங்கோகுரா பள்ளிக்குப் போனது. தொடர்ந்து மற்ற பள்ளிகளுக்கும் செய்துகொடுத்தார். பிள்ளைகள் அதை 'டெய்லர் புங்கோ', அதாவது டெய்லரின் நூலகம் என்கிறார்கள்.

இரண்டரை வருடம் இருந்த ஒரு 'துணை' ஆசிரியர்.

நம் பிள்ளைகள் போகலாமா?

போகலாம். ஆனால், எந்தக் கதவு வழியாக என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஜெட் திட்டத்துக்கு ஒரு பட்டப்படிப்பும் நல்ல ஆங்கிலமும் தேவை. டெல்லியில் உள்ள ஜப்பான் தூதரகம் வழியாகத்தான் தேர்வு. நேர்காணல் உண்டு. விண்ணப்பத்துக்கும் வேலைக்கும் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. விமானச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். 2012 முதல் பல ஆண்டுகள் முதல் வருடச் சம்பளம் 33.6 லட்சம் யென்னாக இருந்தது. அண்மையில் உயர்த்தப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் ஒவ்வொரு வருடமாக, அதிகபட்சம் ஐந்து வருடம். ஆகவே, 'ஜெட் வேலை வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடலாம்.

இரண்டாவது கதவு, தனியார் நிறுவனங்கள். பள்ளிகளுக்கு ஆசிரியர்களை வாடகைக்கு அனுப்புவதுபோல அனுப்புகிறார்கள். சம்பளம் பெரும்பாலும் ஜெட்டைவிடக் குறைவு. பள்ளி விடுமுறை மாதத்தில் சம்பளத்தைப் பிடிக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் ஆகஸ்ட் மாதச் சம்பளம் என்ன என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விதி குறுக்கே நிற்கிறது. பள்ளியில் மொழி கற்பிப்பதற்கான ஜப்பான் விசாவுக்கு, எந்த மொழியைக் கற்பிக்கப்போகிறீர்களோ அந்த மொழிவழியில் குறைந்தது 12 வருடம் படித்திருக்க வேண்டும். ஆங்கிலவழியில் படித்தவருக்குச் சிக்கலில்லை. சடையங்குப்பத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து, சரளமாகப் பேசும் ஒருவருக்கு அந்தக் காகிதம் கைகொடுக்காது. திறமையைச் சோதிக்காமல் படித்த பள்ளியைச் சோதிக்கும் விதி இது. நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால், ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு ஜப்பானிய மொழிதான் வழி. மொழி நன்றாகத் தெரிந்தவர்களை ஜெட் திட்டத்திலேயே ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களில் சர்வதேச உறவு ஒருங்கிணைப்பாளராக எடுக்கிறார்கள். ஊர் விழாவுக்கு மொழிபெயர்ப்பது, பள்ளிகளுக்குப் போய்த் தன் நாட்டைப் பற்றிப் பேசுவது, சமையல் வகுப்பு எடுப்பது என்று வேலை. சென்னையில் என்-4, என்-3 என்று ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் குறிவைக்க வேண்டியது இதைத்தான். மொழி கைவந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு உதாரணம் உண்டு. மகாராஷ்டிராவிலிருந்து போன யோகேந்திர புராணிக், 2019-ல் டோக்கியோவின் எடோகாவா வட்டாரக் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023-ல் இபராகி மாகாணத்தில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியின் முதல்வரானார்.

மற்றவர்களுக்கு ஐந்து வருடம்தான். பெரும்பாலானோர் அதற்கு முன்பே, ஒன்று, இரண்டு, மூன்று வருடங்களில் திரும்பிவிடுகிறார்கள். ஜூலையில் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மனப்பாடம் செய்த ஜப்பானிய மொழியில் ஒரு விடைபெறும் உரை. வண்ணக் காகிதத்தில் எல்லாரும் எழுதிக்கொடுத்த ஓர் அட்டை. பிறகு வீட்டைக் காலிசெய்யும் வேலை. சைக்கிள், ரைஸ் குக்கர், மண்ணெண்ணெய் ஹீட்டர், கோதாத்சு எல்லாவற்றையும் அடுத்து வருபவருக்கு விட்டுவிட்டுப் போவது வழக்கம். கூடவே ஒரு நோட்டும் இருக்கும். எந்தக் கிழமை எந்தக் குப்பை, எந்தக் கடையில் எத்தனை மணிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், நாலாம் வகுப்பில் வாயே திறக்காத பையனிடம் எந்தக் கார்ட்டூனைப் பற்றிப் பேச வேண்டும் என்றெல்லாம். ஆகஸ்டில் அடுத்தவர் வந்து இறங்குவார்.